மேலிருந்து போட்ட காசு

வண்டன்மேட்டில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு வாரம் ஒருமுறை ஒருவர் வருவார். முன்பு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர்தான். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் கிடக்கும்; விளைந்ததைப் பார்த்து ஒவ்வொன்றாக விரலால் எடுக்க வேண்டும். தொழுநோயில் அவர் விரல்கள் மடங்கி மரத்துப்போயின, வேலை போயிற்று. அவர் துண்டை விரிப்பார். என் தாயார் கை பட்டுவிடாமல் மேலிருந்து காசைப் போடுவார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. நானும் அப்படித்தான் போட்டேன்.

ரயிலே இல்லாத இடுக்கியிலிருந்து வந்து ரயில்வேயில் காலம் தள்ளியவன் நான். ஓய்வுக்குப் பின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்தபோது அந்தத் துண்டு மறுபடி கண்முன் வந்தது.

அவர் பெற்றோர் கொல்லிமலையில் ஊழியம் செய்தவர்கள். அவர் பிறந்தது 1914இல். மருத்துவம் படிக்குமுன் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். (ஆகவே நம்ம ஆள் என்று எனக்கு ஒரு சொந்தம்!) 1946இல் வேலூர் வந்தார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி விழுகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. அப்படியல்ல, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடான பாத்திரமும் ஆணியும் இரவில் எலியும் செய்கிற காயங்களே விரல்களைக் குறைக்கின்றன என்று அவரும் உடனிருந்தவர்களும் கண்டார்கள். மடங்கிய விரலுக்கு, நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை மாற்றிப் பொருத்தினார். பழைய கைகாட்டியில் அறுந்த கம்பிக்குப் பதில் பக்கத்துக் கம்பியைத் திருப்பி இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை நிமிர்ந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குணமானவர்கள் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். நல்ல கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை. நோயின் வடுவைப் பார்த்து யாரும் வேலையோ வீடோ தருவதுமில்லை. இருந்த ஒரே வருமானத்தையும் சிகிச்சை பறித்துவிட்டிருந்தது. ஆகவே கல்லூரி வளாகத்திலேயே எளிய குடிசைகள் கட்டி, நவ ஜீவ நிலையம் என்று பெயரிட்டு, அவர்களைக் குடியமர்த்தினார்கள். மரப்பொம்மைகள் செய்யப் பயிற்சி தந்தார்கள். தச்சு வேலையை டாக்டரே உடன் நின்று சொல்லிக்கொடுத்தார். ஒருமுறை ஒரு நோயாளியின் தோளில் இயல்பாகக் கை வைத்துப் பேசியபோது அந்த மனிதர் அழுதுவிட்டாராம். பல ஆண்டுகளாக அவரை யாரும் தொட்டதில்லை.

பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்றார், 2003இல் காலமானார். தொழுநோய் இன்று மாத்திரையிலேயே குணமாகிறது. ஆனாலும் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

நம் சங்கத்தார் சிலர் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு வண்டன்மேட்டு லயங்களுக்குக் கம்பளி அனுப்பி வருகிறோம். மலைக்குளிருக்குக் கம்பளி வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் போன வருடம் நானே கொண்டுபோனபோது, ஒரு வயதான அம்மா கம்பளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உக்காருங்க தம்பி, கட்டன் போடுறேன்" என்றார். ஜீப் காத்திருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

இந்த டிசம்பரில் அந்த லயத்துக்கென்று மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்களில் யாராவது கூட வருவதானால் முன்கூட்டிச் சொல்லவும்.