தேனீயும் கறையானும்

மகாராஷ்டிர மாநிலத்தில் சோலாப்பூர் பக்கம் மழை குறைவு. அங்கே பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. ஆடு மாடுகள் அங்கேதான் மேய்கின்றன. இப்படிப்பட்ட புல்வெளியில் இரண்டு சிறிய பூச்சிகள் கூட்டமாக வாழ்கின்றன. ஒன்று கொம்புத் தேனீ. மற்றொன்று கறையான். தேனீ நல்லது என்கிறோம். கறையானைக் கண்டால் அழிக்கப் பார்க்கிறோம். இது சரியா?

முதலில் வீட்டைப் பார்ப்போம். கொம்புத் தேனீ புதர்க் கிளையில் ஒரே ஓர் அடை கட்டும். அது உள்ளங்கை அளவு இருக்கும். அதற்கான மெழுகு தேனீயின் உடலிலேயே சுரக்கிறது. கறையான் மண்ணை எச்சிலில் குழைத்துப் புற்று கட்டும். புற்று ஆள் உயரம்கூட வளரும்.

உணவும் வேறு. தேனீ பூவின் தேனையும் மகரந்தத்தையும் உண்ணும். கறையான் காய்ந்த புல்லையும் சருகையும் கட்டையையும் தின்னும். புற்று கட்டும் கறையான் உள்ளே காளான் வளர்க்கிறது. அந்தக் காளான் சருகை மக்கச் செய்து உணவாக்கித் தருகிறது. கறையானும் ஒரு விவசாயிதான்!

இரண்டிலும் ராணி உண்டு. ஆண் தேனீ ராணியுடன் கூடியதும் இறந்துவிடும். கறையானில் ராஜாவும் ராணியும் சேர்ந்தே வாழும். தேனீக் கூட்டில் வேலை செய்பவை எல்லாம் பெண் தேனீக்கள். புற்றில் ஆணும் பெண்ணும் வேலை செய்யும். மழைக்காலத்தில் பறக்கும் ஈசல், சிறகு முளைத்த கறையானே.

கறையானை வெள்ளை எறும்பு என்பார்கள். அது எறும்பு அல்ல. கரப்பான் பூச்சிக்குச் சொந்தம். எறும்புக்குச் சொந்தம் தேனீதான்.

இவற்றால் நமக்கு என்ன பயன்? தேனீ மகரந்தம் சுமப்பதால் சூரியகாந்தியில் மணி பிடிக்கிறது. வெங்காயப் பூவில் விதை பிடிக்கிறது. கறையான் சருகை மண்ணோடு மண்ணாக்குகிறது. அதன் வளைகள் வழியே மழைநீர் பூமிக்குள் இறங்குகிறது.

கறையான் கரும்பையும் வீட்டு உத்தரத்தையும் அரிப்பது உண்மை. அங்கே அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் மேய்ச்சல் நிலத்துப் புற்றில் ஏன் மருந்து ஊற்ற வேண்டும்?

புல்லுக்குத் தீ வைத்தால் தேனடையும் எரியும். கறையானின் உணவும் எரியும். பயிர் பூத்திருக்கும்போது பகலில் மருந்து தெளித்தால் தேனீக்கள் சாகும். தெளித்தே ஆக வேண்டுமானால், தேனீ கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கலாம். தேன் எடுப்பவர்கள் மேலே உள்ள தேன் பகுதியை மட்டும் வெட்டலாம். புழுக்கள் உள்ள பகுதியைக் கிளையிலேயே கட்டிவிடலாம்.

ஒன்று பூவைக் காய்க்க வைக்கிறது. மற்றொன்று மண்ணை வளமாக்குகிறது. இரண்டும் புல்வெளிக்கு நல்லவை. புல் இருந்தால்தான் மாடு இருக்கும். உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் இவை இருக்கின்றனவா? போய்ப் பாருங்கள்.