மீன் நகரும், பவளம் எங்கே போகும்?

கோலார் தங்கவயலில் கடல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆண்டர்சன்பேட்டை சந்தைக்குப் போனால், தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸோடு கடல் வந்து இறங்கியிருக்கும். ஐஸை விலக்கினால் மத்தி. நீலம் ஓடிய முதுகு, வெள்ளி வயிறு. நாலு மீன் உரசிக் கழுவினாலே விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. குழம்பு வைப்பவர்களுக்கு அதன் ருசி தெரியும். அது ஊர் மாறிய கதை பலருக்குத் தெரியாது.

மத்தி முக்கியமாகக் கேரள, கர்நாடகக் கடலின் மீன். 1980களின் நடுப்பகுதி வரை கிழக்குக் கரையில் அதற்குப் பெரிய வரத்து இல்லை. பிறகு தமிழ்நாடு, ஆந்திரா என்று பரவியது. கடல் சூடானதே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள். நம்மைப் போல மீன் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. மத்திக்கு 27 முதல் 29 டிகிரி வரை ஒத்துவரும். முன்பு குளிர்ச்சியாக இருந்த கடல்கள் அந்தச் சூட்டை எட்டியதும் அங்கேயும் அது பிழைக்கத் தொடங்கிவிட்டது. பழைய வீடான கேரளத்திலோ 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னாக விழுந்தது. அந்தச் சரிவுக்குச் சூடு மட்டும் காரணமல்ல. குஞ்சு மீனையும் விடாமல் அரித்தெடுத்த வலைகளுக்கும், மழைக்காலம் தடுமாறியதற்கும் அதில் பங்கு உண்டு.

மற்ற மீன்கள் வேறு வழி பார்க்கின்றன. மேல்மட்டத்தில் திரிந்த கானாங்கெளுத்தி ஆழத்துக்கு இறங்குகிறது. அடிமட்ட இழுவலைகளில் இப்போது அது கூடுதலாகச் சிக்குகிறது. சென்னைக் கடலின் சங்கரா காலத்தையே மாற்றிக்கொண்டது. 1980இல் முட்டையிடும் சங்கராக்களில் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெயில் மாதங்களில் முட்டையிட்டன. 2004இல் அது வெறும் 5 சதவீதம். மிச்சமெல்லாம் குளிர் மாதங்களுக்குத் தள்ளிப்போய்விட்டது.

பிழைப்பு போனால் இடம் பெயர்வது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 2001 பிப்ரவரி 28இல் இங்கிருந்த தங்கச் சுரங்கத்தை மூடியபின், விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் ஊராகிவிட்டது இது. மத்தியின் அலைச்சல் எங்களுக்குப் புரியும். நகர முடியாதவற்றின் கதிதான் நெஞ்சைப் பிசைகிறது.

சூடு என்றால் என்ன என்று இங்குள்ள பெரியவர்களிடம் கேட்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். அடியில் பாறையின் சூடு 65 டிகிரியை ஒட்டி இருந்தது. மேலே காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். ஷிஃப்ட் முடிந்தால் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி மேலே வந்துவிடலாம். தங்கம் ஓடும் பாறைப் படிவத்துக்கு இங்கே ரீஃப் என்று பெயர். கடலிலும் ஒரு ரீஃப் உண்டு. ராமநாதபுரம், தூத்துக்குடி மீனவர்கள் அதைப் பார் என்பார்கள். அந்தப் பவளப்பாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் உயிருக்குக் கேஜ் கிடையாது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பார்கள். 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. பவளம் என்பது கல் அல்ல, கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்குப் பெரும்பங்கு கொடுப்பதும், நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். வழக்கமான கோடையின் உச்சச் சூட்டைவிட 1 டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதுதான் வெளுத்தல். அப்போதே அது செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் வெள்ளைக் கூட்டின் மேல் வேறு பாசி படர்ந்து பழுப்பேறிவிடும்.

1 டிகிரி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக அந்த 1 டிகிரிதான் ஏறியிருக்கிறது. கோடை அதற்கு மேல் வந்து உட்காருகிறது.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளம் பெருமளவில் வெளுத்தது. பார் செத்தால் கலவாவும் கிளிமீனும் சிங்கி இறாலும் ஒதுங்க இடமில்லை. கரைக்கு முன்னால் நின்று அலையை உடைக்கும் சுவரும் தேய்கிறது. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வெட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க முடிந்தது. சூட்டுக்கு அப்படி ஒரு காவல் போட முடியவில்லை.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். கிளைப்பவளம் வேகமாக வளரும், சூட்டில் முதலில் சாவதும் அதுதான். உருண்டைப் பவளம் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். 2016க்கும் 2024க்கும் நடுவே கிடைத்த எட்டு ஆண்டுகளில் அது நான்கைந்து விரற்கடை உயர்ந்திருந்தால் அதிகம்.