பிளக்-இன் ஹைப்ரிடா, மின் செடானா? சொகுசுக் கார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சொகுசுக் கார் வாங்க விரும்புவோர் முன் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்த கேள்வி பெட்ரோலா, டீசலா என்பதே. இன்று ஒரே காட்சியகத்தில் அருகருகே நிற்கும் இரு கார்களில் இரண்டுக்குமே மின்னேற்றும் துளை இருக்கிறது. ஒன்று முழுமையான மின் கார். மற்றொன்று பிளக்-இன் ஹைப்ரிட். விற்பனையாளர் இரண்டையும் எதிர்காலத்தின் வாகனம் என்றே கூறுவார். ஆனால் வரித்துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கின்றன. கடன் வாங்கிக் கார் எடுப்பவரும் அவ்வாறே பார்ப்பது நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். டொயோட்டா கேம்ரி போன்ற சாதாரண ஹைப்ரிட் கார்களை வெளி மின்சாரத்தில் செருக முடியாது. ஓட்டத்திலும் பிரேக்கிடும்போதும் கிடைக்கும் ஆற்றலையே அவை சேமித்துப் பயன்படுத்துகின்றன. பிளக்-இன் ஹைப்ரிட் காரில் அதைவிடப் பெரிய பேட்டரி உண்டு. வீட்டில் மின்னேற்றினால் குறிப்பிட்ட தொலைவு வரை பெட்ரோல் இல்லாமலே செல்லும். அதன்பின் எஞ்சின் பொறுப்பேற்கும். மின் காரில் எஞ்சினே இல்லை.

அந்தக் ‘குறிப்பிட்ட தொலைவு’ எவ்வளவு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் விற்கப்படும் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி63 காரில் உள்ள பேட்டரியின் கொள்ளளவு 6.1 யூனிட் மட்டுமே. மின்சாரத்தில் மட்டும் அது செல்லும் தொலைவு சுமார் 13 கிலோமீட்டர். எஸ்63 காரில் 13.1 யூனிட், தொலைவு சுமார் 33 கிலோமீட்டர். 2024 நவம்பரில் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. எம்5 காரில் 18.6 யூனிட், ஐரோப்பியச் சோதனை முறைப்படி 67 முதல் 69 கிலோமீட்டர். மூன்றுமே பிளக்-இன் ஹைப்ரிட்கள்தாம். முதலிரண்டில் பேட்டரி இருப்பது வேகத்தைக் கூட்டவே அன்றி, எரிபொருளைச் சேமிக்க அன்று. அதை அறிந்து வாங்குவோரிடம் நமக்கு வாதம் இல்லை. சிக்கனத்துக்காக வாங்குவதாக எண்ணுவோர்தாம் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு, அதே பி.எம்.டபிள்யூ. 5 வரிசையின் மின் வடிவமான ஐ5 எம்60 காரில் 81.2 யூனிட் பேட்டரி உள்ளது. ஐரோப்பியச் சோதனையில் அதிகபட்சம் 516 கிலோமீட்டர். இப்பெயர்களை எடுத்துக்காட்டாகவே சொல்கிறோம், எதையும் பரிந்துரைக்கவில்லை.

இனி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதங்களின்படி, பெரிய சொகுசுக் கார்களுக்கு வரி 40 விழுக்காடு. மின் கார்களுக்கு 5 விழுக்காடு. சட்டத்தின் பார்வையில் மின் வாகனம் என்பது மின் ஆற்றலால் மட்டுமே இயங்குவது. ‘மட்டுமே’ என்ற அந்த ஒரு சொல்லால் பிளக்-இன் ஹைப்ரிட் வெளியே நிற்கிறது. நாள்தோறும் மின்சாரத்திலேயே ஓட்டினாலும், எஞ்சின் இருக்கும்வரை அதற்கு 40 விழுக்காடுதான். பச்சை நிற எண் பலகையும் பேட்டரி வாகனங்களுக்கே உரியது.

வேறுபாட்டின் அளவைக் காண, வரிக்கு முந்தைய விலை இரண்டுக்கும் 70 லட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். மின் கார் 73.5 லட்சம் ஆகும். பிளக்-இன் ஹைப்ரிட் 98 லட்சம் ஆகும். இடைவெளி 24.5 லட்சம். சாலை வரி இதன்மேல் கணக்கிடப்படுவதால் இடைவெளி மேலும் விரிகிறது. கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு வாழ்நாள் வரி 18 விழுக்காடு. 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின் கார்களுக்கு 2024-இல் 10 விழுக்காடு விதிக்கப்பட்டது. மேல்வரியை விட்டுவிட்டாலும், பெங்களூரில் பதிவு செய்வோருக்கு ஹைப்ரிட்டின் சாலை வரி 17.64 லட்சம், மின் காருக்கு 7.35 லட்சம். ஆக மொத்த வேறுபாடு ஏறத்தாழ 35 லட்சம் ரூபாய்.

உண்மைச் சந்தையில் இரு கார்களின் அடக்க விலை ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய பேட்டரிக்குப் பெரும் செலவு உண்டு. முழுமையாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் காருக்குச் சுங்க வரி மதிப்பில் ஒரு மடங்கைத் தாண்டும். உள்நாட்டில் பூட்டப்படும் காருக்கு அது வெகுவாகக் குறையும். மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ். 580 புனேவுக்கு அருகிலுள்ள சாக்கனில் பூட்டப்பட்டு 2022-இல் 1.55 கோடி விலையில் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இங்கு விற்கப்படும் பிளக்-இன் சொகுசு செடான்களோ இறக்குமதியாகவே வருகின்றன. ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும்போது, காருக்குச் செல்வது எவ்வளவு, வரிக்குச் செல்வது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதோடு, ஆண்டுக்கு ஆண்டும் மாறுகிறது. கேரளம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மின் கார்களின் வரியை 10 விழுக்காடாக உயர்த்தியது. மகாராஷ்டிரம் அதே ஆண்டு 30 லட்சத்துக்கு மேற்பட்ட மின் கார்களுக்கு 6 விழுக்காடு அறிவித்துப் பின்னர் திரும்பப் பெற்றது. மின் கார் என்றாலே சாலை வரி இல்லை என்ற பழைய நம்பிக்கையோடு முன்பணம் கட்டிவிடக் கூடாது.

அடுத்து ஓட்டும் செலவு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். அதில் 8,000 நகரத்துக்குள், 4,000 நெடுஞ்சாலையில் என்று கொள்வோம். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய், பொது மின்னேற்று நிலையத்தில் 24 ரூபாய், பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாய் என்பன நம் அனுமானம். மின் கார், இழப்பையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் எடுத்தால், நகர ஓட்டத்தை வீட்டிலும் நெடுந்தூரத்தை வெளியிலும் மின்னேற்றி ஆண்டுக்கு 35,200 ரூபாயில் முடியும். நாள்தோறும் தவறாது செருகப்படும் பிளக்-இன் ஹைப்ரிட், நகரத்தில் 100 கிலோமீட்டருக்கு 30 யூனிட்டும் நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரும் எடுத்தால் 59,200 ரூபாய். அதே காரை ஒருநாளும் செருகாமல், நகரத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கிடைக்கும்படி ஓட்டினால் 1,40,000 ரூபாய்.

இந்த எண்களில் நாம் காண வேண்டியவை இரண்டு. மின் காருக்கும், ஒழுங்காகச் செருகப்படும் ஹைப்ரிட்டுக்கும் ஆண்டு வேறுபாடு 24,000 ரூபாய்தான். கடனில் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும், 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 16,089 ரூபாய், ஆண்டுக்கு 1.93 லட்சம். அதாவது, விலையில் உள்ள 10 லட்ச வேறுபாடு ஓட்டும் செலவில் உள்ள வேறுபாட்டைப்போல் எட்டு மடங்கு. மேலே கண்ட 35 லட்சத்தையும் கடனாக எடுத்தால் தவணை மாதம் 56,000 ரூபாய்க்கு மேல் கூடும். கோடி ரூபாய்க் காரில் எரிபொருள் மிச்சத்தை முன்னிறுத்திப் பேசும் விற்பனையாளரைப் பணிவோடு அடுத்த பக்கத்துக்குத் திருப்பலாம்.

இரண்டாவது, பிளக்-இன் ஹைப்ரிட்டின் செலவைத் தீர்மானிப்பது காரைவிட அதை வைத்திருப்பவரின் பழக்கம். ஐரோப்பாவில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். கார்களிலேயே பதிவாகும் எரிபொருள் தரவுகளைத் திரட்டிய ஐரோப்பிய ஆணையம், பிளக்-இன் ஹைப்ரிட்களின் உண்மையான கரியமில வாயு வெளியேற்றம் ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக 3.5 மடங்கு என்று 2024-இல் அறிவித்தது. அதற்கு முன் 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், தனியார் கார்கள் தம் ஓட்டத்தில் பாதியளவு மின்சாரத்தில் சென்றன. நிறுவனக் கார்களோ 11 முதல் 15 விழுக்காடு மட்டுமே. பெட்ரோல் அட்டை நிறுவனத்தினுடையது, மின்கட்டணம் வீட்டினுடையது. பிறகு யார் செருகுவார்கள்?

நம் நாட்டில் இவ்வகைக் கார்களில் பல நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டு, ஓட்டுநரால் ஓட்டப்படுபவை. இரவில் கார் எங்கே நிற்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, செருகும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இல்லாத வீட்டில் பிளக்-இன் ஹைப்ரிட் கனமான பெட்ரோல் காராகவே வாழ்ந்து முடியும். கனம் என்பது மிகைச்சொல் அன்று. எம்5 காரின் எடை சுமார் 2,400 கிலோ. எஞ்சின் மட்டுமே இருந்த முந்தைய தலைமுறையைவிட ஏறத்தாழ 500 கிலோ அதிகம். பேட்டரி தீர்ந்த பின்பும் அச்சுமையை எஞ்சின்தான் இழுக்கிறது. மின் காருக்கு இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. செருகாவிட்டால் மறுநாள் வண்டி நகராது என்பதால் பழக்கம் தானே அமைந்துவிடுகிறது.

எனவே இரு வகைக்கும் முதல் தேவை, கார் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு. தனி வீட்டில் சிக்கல் குறைவு. 7.4 கிலோவாட் சார்ஜருக்கு ஒருமுனை இணைப்பில் 32 ஆம்பியர் வேண்டும்; 11 கிலோவாட்டுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் கொள்க. அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் இசைவு தேவைப்படலாம். வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே வாகனத்துக்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் நிலத்தடி நிறுத்துமிடம் வரை கம்பி இழுப்பது வேறு வேலை. இதை எழுத்தில் முடித்துக்கொண்ட பிறகு காருக்கு முன்பதிவு செய்வதே முறை. இசைவு கிடைக்காதவருக்கு மின் கார் தொல்லை; பிளக்-இன் ஹைப்ரிட்டோ வீண். அவருக்கு இரண்டும் வேண்டாம் என்பதே நம் கருத்து.

நெடுந்தூரப் பயணம்தான் பிளக்-இன் ஹைப்ரிட்டின் வலுவான வாதம். மின் காருக்கு அறிவிக்கப்படும் தொலைவை அப்படியே நம்பிப் புறப்படலாகாது. ஈ.கியூ.எஸ். 580 காருக்கு இந்தியச் சோதனையில் 857 கிலோமீட்டர். ஐரோப்பியச் சோதனையில் அதே கார் 700-ஐ எட்டவில்லை. ஐரோப்பியக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துத் திட்டமிடுவது நல்லது. 516 என்றால் சுமார் 340. டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் ஒரே மூச்சில் போகலாம். மும்பையிலிருந்து புனே போய்த் திரும்பலாம். மும்பையிலிருந்து கோவா என்றால் வழியில் நின்றாக வேண்டும். ஐ5 காரால் 205 கிலோவாட் வரை ஏற்க முடியும் என்றாலும், நிலையத்தில் இருப்பது 60 கிலோவாட் கருவியானால் 10-இலிருந்து 80 விழுக்காடு ஆக ஒரு மணி நேரம் ஆகும். வரிசை இருந்தால் இன்னும் கூடும். மாதத்தில் இருமுறை இத்தகைய பயணம் செய்பவர், அல்லது இமாச்சல மலைப்பகுதிக்கு அடிக்கடி செல்பவர் பெட்ரோல் தொட்டியின் நிம்மதிக்குக் கூடுதல் விலை தருவதில் நியாயம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை மட்டும் என்றால், அந்நாட்களுக்கு வாடகைக் கார் எடுப்பது மலிவு.

மறுவிற்பனையில் இரண்டுமே பலவீனமானவை. பயன்படுத்திய பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு இங்கு வாங்குவோர் மிகச் சிலர்; மின் காரிலோ புதிய மாடல்கள் விரைந்து வருவதால் பழையவை மதிப்பிழக்கின்றன. பி.எம்.டபிள்யூ. தன் மின் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. கடன் காலத்தை உத்தரவாதக் காலத்துக்குள் வைத்துக்கொள்வதும், முன்பணத்தைச் சற்றுக் கூட்டுவதும் நன்று. இல்லையேல் நான்காம் ஆண்டில் காரின் சந்தை மதிப்பைவிடக் கடன் நிலுவை அதிகமாக நிற்கக்கூடும்.

கிளைகளில் அடிக்கடி கேட்கப்படுவது வருமான வரிச் சலுகை. மின் வாகனக் கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவு தந்த 80ஈ.ஈ.பி. பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கே பொருந்தும். புதிய கடனுக்கு அது இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காரின் விலையில் விற்பனையாளர் வசூலிக்கும் 1 விழுக்காடு வரி உங்கள் கணக்கில் வரவாகும். வருமான வரி அறிக்கை தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஒரு கோடிக்கு ஒரு லட்சம் என்பதால் இதை மறந்துவிட வேண்டாம்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு மின் காருக்கு 15, ஹைப்ரிட்டுக்கு 7.5 விழுக்காடு தள்ளுபடி 2022 முதல் உண்டு, தொகை சிறியது. அதைவிட, வெள்ளநீர் புகுந்து பேட்டரி பழுதானால் இழப்பீடு கிடைக்குமா என்று பாலிசியில் பாருங்கள். மழைக்காலத்தில் நிலத்தடியில் நிறுத்தும் கார் எதுவாயினும், பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பை முதல் ஆண்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

முன்பதிவுத் தொகையைக் கட்டுமுன், இரண்டு நாள் சோதனை ஓட்டத்துக்குக் காரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இவ்விலைக் கார்களுக்குப் பல விற்பனையாளர்கள் இசைகிறார்கள். முதல் நாள் இரவு, உங்கள் நிறுத்துமிடத்தில், உங்கள் மின்சாரத்தில், நாளை காரைச் செருகப்போகும் அதே நபரைக் கொண்டு செருகிப் பாருங்கள்.