ஸ்கேன் பண்ண பத்திரம் பிடிஎஃப்-க்குள்ள எப்படி இருக்கு?

கம்பத்துல திராட்சைப் பந்தலுக்குக் கடன் கேட்கிறவரா இருக்கலாம், உத்தமபாளையத்துல வயல் விக்கிறவரா இருக்கலாம். பத்திரத்தை ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் பண்ணி, "சைஸ் குறைச்சுக் குடுங்கண்ணே"ன்னு கேட்டிருப்பாங்க. அப்படிக் குறைக்கும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு இந்த எபிசோட்ல பார்ப்போம்.

ஸ்கேன் பண்ண பிடிஎஃப்-ல இருக்கிறது எழுத்து இல்லை, படம். அதுல ஒரு சொல்லைத் தேடினா கிடைக்குதுன்னா, ஓசிஆர் மென்பொருள் அந்தப் படத்தைப் படிச்சு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தை மேலே ஓர் அடுக்கா வச்சிருக்குன்னு அர்த்தம்.

ஏ4 தாளை 300 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணா 2480 × 3508 புள்ளிகள். கலர்ல ஒரு புள்ளிக்கு 3 பைட். ஆக, ஒரே பக்கம் சுமார் 26 எம்பி. அதை அப்படியே வைக்க முடியாது, சுருக்கணும். எந்த முறையில சுருக்கியிருக்குன்னு பிடிஎஃப் ஒவ்வொரு படத்தோடயும் குறிச்சு வைக்கும். அதுக்குப் பேர் ஃபில்டர். ஸ்கேன்ல முக்கியமா மூணு உண்டு.

முதலாவது ஜேபெக். படத்தை 8 × 8 கட்டங்களாப் பிரிச்சு, நுணுக்கமான விவரங்களைக் கழிச்சிடும். ரொம்பச் சுருக்கினா எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி தெரியும்.

ரெண்டாவது ஜி4. ஃபேக்ஸ் காலத்து முறை, கருப்பு வெள்ளைக்கு மட்டும். ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையிலிருந்து எங்கே மாறுதுன்னு மட்டும் எழுதி வைக்கும். விரிச்சா ஒரு புள்ளிகூட மாறாது. ஆனா கருப்பு வெள்ளையா மாத்தும்போதே மங்கின முத்திரை காணாமப் போகலாம்.

மூணாவது ஜேபிக்2. ஒரே மாதிரி இருக்கிற வடிவங்கள்ல ஒண்ணை மட்டும் சேமிச்சு, மத்த இடத்துல எல்லாம் அதையே ஒட்டும். இழப்பில்லாமலும் இதைச் செய்யலாம். இழப்போட செஞ்சா, 6-ம் 8-ம் "ஒரே மாதிரி"ன்னு முடிவு பண்ணிட வாய்ப்பு இருக்கு.

இது கற்பனை இல்லை. 2013-ல டேவிட் கிரீசல்ங்கிற ஜெர்மன் கணினி அறிவியலாளர், ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்கள்ல ஸ்கேன் பண்ண ஒரு கட்டட வரைபடத்துல, 21.11 சதுர மீட்டர்னு இருந்த அறை 14.13-னு மாறியிருந்ததைக் காட்டினார். நிறுவனமும் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது.

ஜேபெக் கெட்டா மங்கலாகும், உடனே சந்தேகம் வரும். ஜேபிக்2 தப்பா ஒட்டினா எண் பளிச்சுன்னு இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. சர்வே நம்பர் 186/2 அப்படி 188/2 ஆச்சுன்னு வச்சுக்குங்க. அது பக்கத்து நிலத்துக்காரரோட நம்பரா இருக்கலாம்!

அதனால முதல் ஸ்கேனைக் கிரேஸ்கேல்ல, 300 டிபிஐ-ல, ஜேபெக்கா எடுத்துப் பத்திரமா வச்சுக்குங்க. சைஸ் குறைக்கிறதை அதோட நகல்ல மட்டும் செய்யுங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க, பாப்ளர் தொகுப்புல இருக்கிற பிடிஎஃப்இமேஜஸ் கருவியில பட்டியல் எடுத்தா எந்த ஃபில்டர்னு தெரிஞ்சிடும். தெரியாதவங்களுக்கும் வழி இருக்கு: அனுப்பறதுக்கு முன்னாடி சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை இந்த நாலையும் காகிதத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.