எல்லைப்புறத் தொழில் நகரில் நகரக் கூட்டுறவு வங்கிகள்: ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிறு வணிகருக்கும் நடுத்தர வருவாயினருக்கும் கடன் வழங்கத் தோன்றியவை நகரக் கூட்டுறவு வங்கிகள். ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியில் இவற்றின் பணிக்குத் தேவை மிகுதி. எனினும் மூலதனமும் செயல் எல்லையும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நகரக் கூட்டுறவு வங்கி, முதல்நிலை மூலதனம், சிறுதொழில், ஓசூர்.

முன்னுரை

நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது. 2004 மார்ச்சில் 1,926ஆக இருந்த நகரக் கூட்டுறவு வங்கிகள், இணைப்புகளாலும் உரிம ரத்துகளாலும் 2024 மார்ச்சில் 1,472ஆகக் குறைந்தன. எஞ்சியவை யாருக்குப் பயன்படுகின்றன என்பதே இன்று எழும் வினா.

கடன் தேவை

1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பின்னர், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய பெருநிறுவனங்களும் அவற்றைச் சார்ந்த உதிரிபாகப் பட்டறைகளும் வளர்ந்தன. பட்டறைகள் அனுப்பும் சரக்குக்குரிய தொகையை 45 நாளுக்குள் வழங்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 45 நாளும் கூலி, மின்கட்டணம், மூலப்பொருள் ஆகியவற்றிற்கு நடைமுறை மூலதனம் வேண்டும். இவ்விடைவெளியை நிரப்புவதே உள்ளூர் வங்கியின் இயல்பான பணியாகும்.

மூலதன வரம்பு

2020 மார்ச்சில் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, தனியொரு கடனாளிக்கு வங்கியின் முதல்நிலை மூலதனத்தில் 15 விழுக்காட்டிற்கு மேல் வழங்கலாகாது. மூலதனம் 2 கோடி ரூபாயெனில் உச்சவரம்பு 30 லட்சம். 5 கோடியெனில் 75 லட்சம். கணினிவழி இயங்கும் எந்திரங்களை வாங்கி விரிவடைய முனையும் பட்டறைக்கு இது போதாது. ஆகவே, வளரும் வாடிக்கையாளர் வணிக வங்கிக்கு மாறுகிறார். கூட்டுறவு வங்கி நகைக் கடனையே பெரிதும் நம்பும் நிலை உருவாகிறது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவு நெறி மக்களாட்சித் தன்மையைக் காக்கிறது. ஆயினும் பெரும் பங்கு மூலதனத்தை அது ஈர்ப்பதில்லை.

செயல் எல்லை

ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் பணிபுரிவோர் பலர். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன்கீழ்ப் பதிவான வங்கி கர்நாடகத்தில் கிளை தொடங்க இயலாது. அதற்குப் பன்மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 2002இன்கீழ்ப் பதிவு தேவை. தொழிலாளரின் அன்றாட வாழ்வு எல்லையைக் கடக்கிறது. வங்கியின் சேவை கடப்பதில்லை.

நம்பிக்கை

2020 சனவரியில் பெங்களூரின் ஸ்ரீ குரு ராகவேந்திரா சககார வங்கியில் பணம் எடுக்கும் வரம்பு 35,000 ரூபாயாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த மாதமே நாடு முழுவதும் வைப்புக் காப்பீடு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. அதே ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திருத்தம், 1966 முதல் நிலவிய இரட்டைக் கட்டுப்பாட்டில் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தை வலுப்படுத்தியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இப்பகுதியில் குறைவாக இருப்பது கடன் தேவையன்று, அதை ஏற்கும் மூலதனமே என்பது புலனாகிறது. ஒரே பட்டறைக்குப் பல நகரக் கூட்டுறவு வங்கிகள் இணைந்து கடன் வழங்குவதும், 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட தேசிய நகரக் கூட்டுறவு நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் தொழில்நுட்ப ஆதரவைச் சிறு வங்கிகள் பெறுவதும் ஏற்ற வழிகளாகும். இவை கைகூடாவிடில், பட்டறை வளருந்தோறும் தன் வாடிக்கையாளரை இழப்பதே இவ்வங்கிகளின் நிலையாகும்.