ஒரே படத்தில் ஆழியும் புகைபோக்கியும்!

மொபைல் காமிராவில் '0.5' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கும் சித்தப்பாவையும் உள்ளே இழுக்கத்தானே? தப்பில்லை. சித்தப்பா முகம் சப்பாத்தி மாவு மாதிரி இழுபடும், அவ்வளவுதான்!

அதே பட்டனை அழுத்திவிட்டு, ஒரு சின்னப் பொருளுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் போனைக் கொண்டு போய்ப் பாருங்கள். பொருள் மலை மாதிரி எழும்பும். பின்னால் இருக்கிற ஊரும் அடையாளம் தெரியும். சாதாரண குளோஸ்-அப்பில் ஊர் கரைந்து போய்விடும், இதில் போகாது. பெரம்பூர்க்காரர்கள் ஐ.சி.எஃப். ரயில் மியூசியத்தில் பழகிக் கொள்ளலாம். ஒரே ஒரு ஆணித் தலை முன்னால், முழு நீராவி எஞ்சின் பின்னால்!

எல்லா போனிலும் இது வராது, ஸார். பல மலிவு மாடல்களில் 0.5 லென்ஸின் ஃபோகஸைக் கம்பெனியிலேயே பூட்டி அனுப்புகிறார்கள். கிட்டே போனால் மசமச. 2 மெகாபிக்சல் 'மேக்ரோ' என்று தனியாக ஒட்டித் தருவது சும்மா கணக்குக்கு. ஆப்பிள் 2021-ல் ஐபோன் 13 ப்ரோவில் இந்த லென்ஸை 2 சென்டிமீட்டர் வரை நெருங்க வைத்தது. இப்போது ஆண்ட்ராய்டிலும் பல மாடல்களில் உண்டு. வாங்கும் முன் கடையிலேயே பத்து ரூபாய் நோட்டின் பொடி எழுத்தை 0.5-ல் எடுத்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் பில் போடச் சொல்லுங்கள்.

சரி, பழகியாச்சு. பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறி எண்ணூர் போங்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்ததே, அந்த இடம். எண்ணெய் அப்பிய உள்ளங்கையை மட்டும் குளோஸ்-அப் எடுத்தால், "எந்த மெக்கானிக் ஷாப்புலப்பா எடுத்தே?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள். அதே கைக்குப் பின்னால் படகும் ஆறும் தெரிந்தால் கேட்க முடியுமா?

இப்போதைய தலைவலி காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி. கப்பல்கள் எடைக்காக ஏற்றி வரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடிச்சேற்றைப் பாய் விரித்த மாதிரி மூடிவிடுகிறது. இறால் புதைய இடமில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அன்றைய கூலி போச்சு.

"அண்ணே, ஒரு கொத்து காட்டுறீங்களா? போட்டோ எடுத்துக்கலாமா?" என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் திட்டு நிச்சயம்; நியாயமான திட்டு. அவர் ஆழிக் கொத்தை நீட்டியதும், குந்தி உட்கார்ந்து, லென்ஸைக் கீழிருந்து ஒட்டிக் கொண்டு போங்கள். ஆழியின் மயிர் போன்ற நார், அவர் விரல் வெடிப்பு, படகு, தூரத்தில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி, எல்லாம் ஒரே கட்டத்தில்! பி.காம். படித்தவன் கண்ணுக்குப் பற்றும் வரவும் ஒரே தாளில்.

இங்கேதான் ஒரு ஜாக்கிரதை. ஆழியைக் கொண்டு வந்தது புகைபோக்கி அல்ல. படம் அப்படிச் சொல்லாமல் சொல்லிவிடும். ஆகவே எது எது என்று கீழே ஒரு வரி, கூடவே தேதி, இடம். வாட்ஸப்பில் நாலு பேர் கை மாறினாலும் அந்த வரி கூடவே போகிற மாதிரி எழுதுங்கள்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. உப்புக் காற்றுக்கு லென்ஸைத் துடைக்க, கைலியைத் தேடாமல், மூக்குக் கண்ணாடித் துணியை எடுத்துப் போங்கள்!