விடுதி வாசலில் கடல். குளிப்பதற்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு? வண்டூரில் தங்குவோர் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில், தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது வண்டூர். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகுகள் புறப்படும் இடம் இதுவே. பூங்காவின் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் இரவு தங்க முடியாது. ஆகவே, காலைப் படகைத் தவறவிட விரும்பாதவர்கள் வண்டூர்க் கடற்கரையை ஒட்டிய விடுதிகளை நாடுகின்றனர்.

அறைக் கதவைத் திறந்தால் எதிரே நீலக் கடல். அலையும் பெரிதாக இருப்பதில்லை. இறங்கிக் குளிக்கலாம் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால், கரையில் முதலில் கண்ணில் படுவது முதலை எச்சரிக்கைப் பலகை.

கடலில் முதலையா?

ஆற்றிலும் குளத்திலும் மட்டுமே முதலை வாழும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பளிக்கும். அந்தமானில் வாழ்வது உவர்நீர் முதலை. உடலில் சேரும் மிகுதியான உப்பை நாக்கில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றும் திறன் இதற்கு உண்டு. அலையாத்திக் காடுகளுக்குள் செல்லும் கழிகளே இதன் வாழிடம். மழைக்காலத்தில் இலைதழைகளைக் குவித்துக் கூடமைத்து முட்டையிடும். ஒரு கழியிலிருந்து மற்றொரு கழிக்குச் செல்லக் கடலையே பாதையாகக் கொள்ளும். விடுதி விருந்தினர் குளிக்க நினைக்கும் நீர்ப்பரப்பு, அந்தப் பாதையின் ஒரு பகுதி.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த இவ்வினம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற பின்னர் மெல்ல மீண்டது. அதே காலத்தில் கழிகளின் ஓரங்களில் மனிதக் குடியிருப்புகளும் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்து, வயல்களாக இருந்த இடங்களிலும் உப்புநீர் புகுந்து நிலைத்தது. முதலைகள் நடமாட ஏற்ற நீர்ப்பரப்பு இவ்வாறு ஊருக்கு நெருக்கமாக வந்தது. மீன், கோழிக் கழிவுகளைக் கழிகளில் கொட்டும் வழக்கமும் அவற்றைக் கரைக்கு ஈர்க்கிறது. விடுதிச் சமையலறைக் கழிவு எங்கே போகிறது என்று தங்குவோர் கேட்பதில் தவறில்லை. அக்கேள்வி அவர்களின் பாதுகாப்போடு தொடர்புடையது.

ஆபத்து வெறும் அச்சம் அன்று. 2010ஆம் ஆண்டு ஹேவ்லாக் தீவில் (தற்போது ஸ்வராஜ் தீவு), புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரைக்கு அருகே நீருக்கடியில் பவளப்பாறைகளைக் கண்டுகொண்டிருந்த அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். அதற்குப் பின்னரே பாதுகாப்பு வலை, எச்சரிக்கைப் பலகை ஆகியவை குறித்துப் பயணிகள் பரவலாக அறியத் தொடங்கினர்.

வண்டூரில் வலையிட்டுத் தடுக்கப்பட்ட பகுதிக்கு வெளியே நீரில் இறங்கக் கூடாது. அந்தி மயங்கிய பின்னர் நீரோரத்தில் நடப்பதையும், கழி கடலில் கலக்கும் இடத்தில் நிற்பதையும் தவிர்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: அந்தமான் வெகு கிழக்கே இருந்தாலும் இந்திய நேரத்தையே பின்பற்றுகிறது. எனவே டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் ஆறு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்புவோர் இருட்டில்தான் நிற்பார்கள்.

பூங்காவுக்குச் செல்லும்போது

1983இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 281.5 சதுர கி.மீ.; இதில் 15 தீவுகள் அடங்கும். அவற்றில் பயணிகள் பெரும்பாலும் செல்வது ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரண்டுக்கு மட்டுமே. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை ஜாலி பாய், எஞ்சிய மாதங்களில் ரெட் ஸ்கின் என மாறி மாறித் திறக்கப்படுகின்றன. விடுதி விளம்பரத்தில் ஜாலி பாய் படத்தைக் கண்டு ஆகஸ்டில் முன்பதிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வனத்துறையின் நுழைவு அனுமதியை முன்கூட்டியே பெறுவது நல்லது. திங்கள்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நெகிழிப் பைகளையும் நெகிழிக் குடிநீர்ப் பாட்டில்களையும் தீவுக்கு எடுத்துச் செல்ல இயலாது; படகேறும் முன் பைகள் சோதிக்கப்படும். கடல்நீர் வெப்பத்தால் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்குள்ள பவளப்பாறைகள் வெளிறிப் பெரும் சேதம் அடைந்தன. மீண்டு வரும் பவளத்தின் மீது கால் வைத்து நிற்பதும், உடைந்த துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் கூடாது. பவளமும் முதலையைப் போன்றே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.